வெயிலுக்கு வாக்கப்பட்ட பாத்தி

அன்றைக்கு பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. இடம் இல்லாமல் இல்லை, இருப்புக் கொள்ளவில்லை. கடலூர் முதுநகரில் ஏறியதிலிருந்து தகரப் பெட்டியைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, வழியெல்லாம் செடிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆலப்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் ரோஜாச் செடி வெறும் குச்சியாய் நின்றது. ஒன்று போச்சு என்று எண்ணிக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டி ஒரு வேலியோரம் செம்பருத்தி இலை சுருண்டு தொங்கியது. இரண்டு.

“சீட்டு காலியாத்தானம்மா இருக்குது? உக்காந்தா பஸ்ஸு என்னா அமுங்கியா பூடும்?” என்றார் கண்டக்டர்.

“இல்லண்ணே, நிக்கிறேன். நின்னா சீக்கிரம் போற மாதிரி இருக்குது” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

கோடை விடுமுறை முடிந்து எங்கள் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி திறக்கும் நாள் அது. சிதம்பரத்தில் ஒரு பூப்பாத்தி எனக்காகக் காத்திருந்தது. ஆறு வாரமாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றக்கூட ஆளில்லாமல் நான் விட்டுவிட்டு வந்த பாத்தி. அது உயிரோடு இருந்தால் நான் இரண்டாம் வருடம் படிக்கலாம். செத்திருந்தால் இதே பஸ்ஸில் இதே பெட்டியோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஒரு வாசகியின் கேள்வி

இதை இந்த வாரம் எழுதக் காரணம் ஒரு கடிதம். ‘நான்கு வாரமாக விடுதிச் சாப்பாட்டையே திட்டிக்கொண்டிருக்கிறீர்களே, அங்கே ஒரு செடி கொடி கிடையாதா?’ என்று ஒரு வாசகி செல்லமாகக் கடிந்திருக்கிறார். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டிருக்கிறார். அவர் வீட்டு முன்புறம் காலையிலிருந்து மாலைவரை வெயிலாம். எதை வைத்தாலும் கருகுகிறதாம். தினமும் குடத்தைத் தூக்க அவருக்கு நேரமில்லை. ஒரு தடவை நட்டால் வருடக்கணக்கில் தானாகப் பிழைத்துக்கிடக்கிற பூச்செடி எது என்று கேட்கிறார்.

தாயே, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் பூட்டிய வீடுகளின் வேலியை எட்டிப் பார்த்திருக்கிறேன். காவல்காரரிடம் திருடி மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்கிறேன், ஆனால் முழுக்கதையையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ரெபேக்கா டீச்சரின் சட்டம்

அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். கடலூர்ப் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து டீச்சர் வேலைக்குப் படிக்கப் போன முதல் பெண் நான். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு என் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்திருந்தான்.

“படி, வேணாங்கல. ஒரு தபா ஃபெயிலானேன்னு வையி, பொட்டியத் தூக்கிக்கினு நேரா வூட்டுக்கு வந்துடணும். இன்னொரு வருசமெல்லாம் கெடையாது” என்றான். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு ஆள் அவன்.

எங்கள் பள்ளியில் பாடம், வகுப்பெடுக்கும் பயிற்சி, நூல் நூற்பது எல்லாவற்றோடும் தோட்ட வேலையும் தேர்வு. இரண்டிரண்டு பேருக்கு ஒரு பாத்தி. அதை நடத்தியவர் ரெபேக்கா டீச்சர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கையில் எப்போதும் ஒரு களைக்கொத்து. சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பாதி மதிப்பெண் மாசி மாதம். மீதிப் பாதி கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று. “ரெண்டு மாசம் பூக்குறது யார் வச்சாலும் பூக்கும். நீங்க இல்லாதப்ப அது என்னா ஆவுதுன்னுதான் நான் பாக்கணும்” என்பார். தோட்டத்தில் தேறாதவள் முதல் வருடத்தை மறுபடி படிக்க வேண்டும்.

சொல்கிற சட்டத்துக்கும் அவர் கொடுக்கிற செடிகளுக்கும் சம்பந்தமே இருக்காது என்பது வேறு விஷயம். டேலியா, ஜினியா, பால்சம், ஃப்ளாக்ஸ் என்று சீமைப்பூ விதைகளாக வரவழைப்பார். அந்தப் பூக்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாற்றுகளை வாழை மட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறுவார். அங்கே சொந்த வீடும் பெரிய தோட்டமும் இருக்கிறது என்று நாங்களாகவே பேசிக்கொள்வோம். கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது.

எனக்குப் பாத்தித் துணையாக வாய்த்தவள் தையல்நாயகி. புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். செடி என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் செடி, அவ்வளவுதான் அவளுக்கு. எனக்கோ மணலும் உப்புக்காற்றும்தான் தெரியும். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு விழுந்தது ஒன்பதாம் பாத்தி. சமையற்கட்டுச் சுவருக்குத் தென்புறம், கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், ஒரு மரத்து நிழல்கூட விழாத இடம்.

“இது வெயிலுக்குன்னே வாக்கப்பட்ட எடம்டி” என்றாள் தையல், மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு.

என் புத்திசாலித்தனம்

செய்தது நான்தான். அவள் மேல் பழி போட முடியாது.

எங்கள் குப்பத்தில் தென்னைக்கும் பூசணிக்கும் போடுகிற ஒரே எரு கருவாட்டுக் கழிவு. தலை, வால், செதில் எல்லாம் வெயிலில் காய்ந்து பொடியாகிக் கிடக்கும். அதைப் போட்டால் பூசணி ஆள் தூக்க முடியாத அளவுக்குக் காய்க்கும். என்னைப் பார்க்க வந்த அம்மா ஒரு கோணிப்பை நிறைய அதைக் கொண்டுவந்து, “எம் பொண்ணு பாத்திதான் மொதல்ல வரணும்” என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் டேலியா நாற்றுகளின் காலடியில் தாராளமாகத் தூவி மண்ணைக் கிளறிவிட்டேன். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மீன் வாசனை. நாய் எதைத் தோண்டும்? சிதம்பரத்து நாய்களுக்கு அது கல்யாண விருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விடிந்து பார்த்தால் பாத்தியில் நாய்கள் நான்கு, பூனைகள் இரண்டு, சமையற்கட்டுக் கூரையில் இருந்த காக்கைகள் மொத்தமும். ஒரு நாற்று மிச்சமில்லை. நாற்றம் சாப்பாட்டுக் கூடம்வரை போய், அன்றைக்கு முக்கால்வாசிப் பேர் இட்லியைத் தொடவில்லை.

ரெபேக்கா டீச்சர் வந்தார். பார்த்தார். “இனிமே ஒனக்கு நாத்து கெடையாது. பாத்தி இருக்கு, நீ இருக்க. பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு என்னைக் கடந்து போகும்போதெல்லாம் இரண்டு மூன்று பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் அம்மா தலையில் சுமந்து கொண்டுவந்த எரு அது. ‘இருங்கடி, இந்தப் பாத்தியில் பூக்க வைத்துக் காட்டுகிறேன்’ என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டேன். மாசி மாதப் பாதி மதிப்பெண் அன்றைக்கே போய்விட்டது. இனிக் கோடைக்குப் பிறகு கிடைப்பதில்தான் பிழைக்க வேண்டும்.

பூட்டிய வீடுகள்

யோசனை தையலுடையது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அண்ணாமலை நகர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். பேராசிரியர்கள் குடியிருக்கும் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சட்டென்று நின்றாள்.

“அஞ்சலாட்சி, ஆளு இருக்குற வூட்டுத் தோட்டத்தப் பாக்காதடி. பூட்டுன வூட்டப் பாரு. தண்ணி ஊத்த ஆளில்லாம எது பூத்துக் கெடக்குதோ, அதான் நம்ம செடி!”

எனக்குப் புல்லரித்துப் போயிற்று. அந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்துக் குதித்தேன்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வேட்டைதான். பூட்டிய வீடு, ரயில்வே கேட், கல்லறைத் தோட்டம், பாழடைந்த சத்திரத்து மதில், ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் ஒரு வேலிக்குள் கையைவிட்டு வெட்சி என்கிற இட்லிப்பூவின் கிளையை ஒடிக்கும்போது காவல்காரர் பிடித்துவிட்டார்.

“யாரு பாப்பா? பூட்டுன வூட்டுல என்னா வேல?”

“செடி பாக்குறோம் தாத்தா. இதுக்கு யாரு தண்ணி ஊத்துறாங்க?”

“யாரு ஊத்துறா? அவுங்க ஊருக்குப் போயி இருவது நாளாச்சி. நானா ஊத்துவேன்?”

“அதான் வேணும்!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவர் மிரண்டுபோய், தன் கையாலேயே இரண்டு கிளை ஒடித்துக் கொடுத்து எங்களை அனுப்பிவைத்தார்.

பதினோரு வகைச் செடி சேர்ந்தது. எல்லாவற்றையும் உடைந்த பானைகளில் வைத்து வேர் பிடிக்கவிட்டு, விடுதி மொட்டை மாடியில் நட்ட நடு வெயிலில் பத்து நாள் பட்டினி போட்டோம். தினமும் ஓடிப்போய், யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று பார்ப்போம். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு பரபரப்பு இருக்காது.

கனகாம்பரம் மூன்றாம் நாள் மயங்கி விழுந்தது. செம்பருத்தி ஐந்தாம் நாள் கைவிரித்தது. அரளி அசையவே இல்லை; ஆனால் அது விஷம், குழந்தைகள் வருகிற இடத்தில் வேண்டாம் என்று நாங்களே தள்ளினோம். கடைசியில் நின்றவை நான்கு.

வாசகி குறித்துக்கொள்ளலாம். குட்டை ரக இட்லிப்பூ; வேர் ஊன்றும்வரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அந்திமந்தாரை; மேலே காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கும். பத்துமணிப் பூ; இலையே தண்ணீர்ப் பை, ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டால் போதும், வெயில் ஏறி பத்து மணி ஆனால்தான் கண்ணைத் திறக்கும். நான்காவது நித்தியகல்யாணி. வெள்ளையும் ஊதாவும் கலந்து வருடம் முழுக்கப் பூக்கும். ஆடுகூடக் கடிக்காது.

தையலின் மறுப்பு

நான்காவதில்தான் சண்டை வந்தது. நித்தியகல்யாணியை எங்கள் பக்கம் கல்லறைப் பூ என்பார்கள். சுடுகாட்டிலும் கல்லறையிலும் தானாக முளைத்துக் கிடப்பதால் அந்தப் பெயர்.

“பள்ளிக்கூடத்துல போயி கல்லறப் பூவ வப்பாங்களா? எங்க வூட்ல தெரிஞ்சா தலமுழுக வச்சிதான் உள்ள வுடுவாங்க” என்றாள் தையல்.

“செத்தவங்ககிட்ட போயி தண்ணி கேக்காத பூடி அது. நம்மகிட்டயும் கேக்காது” என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பேரம் பேசினாள். ஒரு ஓரத்தில் அவளுக்குப் பிடித்த சாமந்தி நான்கு வைக்க வேண்டும். சரி என்றேன்.

அதன் பிறகு வேலை பறந்தது. சிதம்பரத்துக் களிமண் மழையில் குழம்பும், வெயிலில் வெடிக்கும். நித்தியகல்யாணிக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. எனக்குத் தெரிந்த மணல் அங்கேதான் கைகொடுத்தது. வெள்ளாற்று மணலைச் சாக்கில் கொண்டுவந்து கலந்து, பாத்தியை ஒரு முழம் உயர்த்தினேன். வேர் பிடிக்கும்வரை இருவரும் முறைபோட்டுத் தண்ணீர் சுமந்தோம். தையல் வீட்டு வைக்கோலைப் பாத்தி முழுக்க ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினாள். “அடியில ஈரம் ஓடாம நிக்கும்” என்றாள். வயல்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மாசி மாதம் மற்றப் பாத்திகள் டேலியாவும் ஜினியாவுமாக ஜொலித்தன. எங்களுடையது வைக்கோல் போர்த்திய குச்சிகள். ரெபேக்கா டீச்சர் நித்தியகல்யாணி நாற்றைக் களைக்கொத்து முனையால் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இதப் போயி பூன்னு வச்சிருக்கீங்களா? இது களை. எங்க பாத்தாலும் நான் புடுங்கிப் போடுறது” என்றார்.

மதிப்பெண் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

புவனகிரியில் ஏறியவள்

மறுபடி பஸ்ஸுக்கு வருகிறேன். புவனகிரியில் தையல் ஏறினாள். என்னைப் பார்த்ததும், “ஆறு வாரத்துல எங்க ஊர்ல ஒரே ஒரு மழடி. சிதம்பரத்துல பேஞ்சிருக்குமா?” என்றாள். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்தான்.

பள்ளி வாசலில் பெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடினோம். வழியில் பார்த்த பாத்திகள் எல்லாம் காய்ந்த குச்சிக் காடு. சமையற்கட்டுச் சுவர் திரும்பினோம்.

நித்தியகல்யாணி! இடுப்பளவு இல்லை, முழங்காலளவுதான். ஆனால் வைக்கோலே தெரியாமல் வெள்ளையும் ஊதாவுமாக மூடிக்கொண்டு நின்றது. இட்லிப்பூவில் மூன்று செடி சிவந்து கொத்துவிட்டிருந்தது, ஒன்று போய்விட்டது. சாமந்தி நான்கும் போயே போயிற்று.

“அந்திமந்தாரையக் காணோம்டி!” என்று தையல் தலையில் கைவைத்தாள். நான் வைக்கோலை விலக்கி விரலை மண்ணில் விட்டேன். கிழங்கு கொழுகொழுவென்று தட்டுப்பட்டது. உச்சியில் பச்சையாய் ஒரு முளை.

ஆனால் பாத்தியின் முன்பாதி முழுக்கப் பத்துமணிப் பூ. அது வாயை இறுக மூடிக்கொண்டு, பார்ப்பதற்குத் தரையில் படர்ந்த கீரை மாதிரி கிடந்தது. மணி ஒன்பது. ரெபேக்கா டீச்சர் நோட்டும் கையுமாக முதல் பாத்தியருகில் வந்துவிட்டார்.

நித்தியகல்யாணி அவருக்கு ஆகாது. இட்லிப்பூ மூன்றே செடி. பத்துமணிப் பூ திறக்காவிட்டால் பாத்தியில் பாதி கணக்கில் வராது. தையல் என்னைப் பார்த்தாள். “நீ இங்கயே நில்லு. டீச்சர நான் பாத்துக்குறேன்” என்று போனாள்.

போனவள் ஒவ்வொரு செத்த செடிக்கும் துக்கம் விசாரித்தாள். “டீச்சர், இந்த டேலியா எதனால டீச்சர் போச்சி? கெழங்கு அழுகிச்சா, காஞ்சிச்சா?” “இந்த பால்சம் வெத வுட்டுட்டுச் செத்துச்சா, வுடாமச் செத்துச்சா?” ரெபேக்கா டீச்சரிடம் செடி பற்றிக் கேள்வி கேட்டால் போதும், நின்று பதில் சொல்வார். எட்டுப் பாத்தியைக் கடக்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பாத்திக்காரிகள் தையலைக் கொன்றுபோடுவதுபோல் பார்த்தார்கள்.

நான் குனிந்து மொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் முதுகைச் சுட்டது. சுடட்டும், இன்னும் நன்றாகச் சுடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முதலில் ஒரு ரோஸ் நிறப் பூ இதழை உதறியது. பக்கத்தில் ஒரு மஞ்சள். அப்புறம் எண்ண முடியவில்லை. டீச்சரின் செருப்புச் சத்தம் என் பின்னால் நின்றபோது பாத்தியின் முன்பாதி முழுக்க விரிந்திருந்தது.

அவர் குனிந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார். எங்களிடம் காட்டாமல் மூடிக்கொண்டு போய்விட்டார்.

களைக்கொத்தோடு வா

மதியம் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. தகரப் பெட்டி இன்னும் வாசலிலேயே கிடந்தது. உள்ளே எடுத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு ரெபேக்கா டீச்சரே வந்து நின்றார்.

“ரெண்டு பேரும் களைக்கொத்து எடுத்துக்கிட்டு வாங்க” என்றார்.

பிடுங்கச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பாத்தியருகில் வந்ததும் அவர் குரல் வேறாக இருந்தது.

“இந்தக் கல்லறப் பூவுல நாலு, வேரோட வேணும். அந்தப் பத்துமணிப் பூவுலயும் ஒரு கை.”

அவர் பாத்தியைப் பார்த்தபடியே சொன்னார்.

“கடலூர்ல எங்கம்மா கல்லறை இருக்குது. சுத்தி ஒரு மரம் கெடையாது, நாளெல்லாம் வெயிலு. மாசாமாசம் போயி டேலியா வப்பேன், ஜினியா வப்பேன். அடுத்த தபா போறதுக்குள்ள காஞ்சிடும். இது மட்டும் தானா மொளச்சி நிக்கும். எங்கம்மாவுக்குக் களையான்னு நான் ஒண்ணு விடாம புடுங்கிப் போடுவேன். போன மாசம் கடைசியா நின்னதையும் புடுங்கிட்டேன்.”

வீடும் தோட்டமும் என்று நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாக இருந்தது. தையல் குனிந்து, ஈர வைக்கோலைத் திரட்டினாள். கல்லறைப் பூ வேண்டாம் என்று என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள், இருப்பதிலேயே நன்றாகப் பூத்த நான்கைத் தேர்ந்து, மண் உதிராமல் எடுத்துச் சுற்றிக்கொடுத்தாள்.

டீச்சர் வாங்கிக்கொண்டு நாலடி போனார். என்னால் அடக்க முடியவில்லை.

“டீச்சர்... மார்க்கு?”

அவர் திரும்பினார். முதல் தடவையாக அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

“ஃபெயிலான பாத்தியில வந்து செடி கேக்க எனக்கென்ன பைத்தியமாடி? போயி ஒம் பொட்டிய உள்ள வையி.”

நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில், சமையற்கட்டுக் கூரைக் காக்கைகள் மொத்தமும் எழுந்து பறந்தன.